சிவப்பு அடுக்கு

தட்டின் மேல் கவிழ்த்த கிண்ணத்துக்குள்ளிருந்து, காய்ச்சி ஆறவைத்து இறுகிய கடல்பாசி இனிப்பு இன்னும் இறங்கவில்லை, பல்கீஸ் கிண்ணத்தின் முதுகில் விரலால் தட்டுகிறாள், ஒரு தட்டு, இரண்டு தட்டு, ஓரத்தில் கத்தி நுனியை விட்டுக் கொஞ்சம் காற்றுக்கு வழி விடுகிறாள், அவ்வளவுதான், வழுக்கிக்கொண்டு விழுந்து அங்குமிங்கும் ஆடி நின்றது, அடியில் ரம்பை இலை அரைத்து ஊற்றிய பச்சை, நடுவில் தேங்காய்ப்பால் வெள்ளை, உச்சியில் சிவப்பு, ஒன்பது வயது நுஹா கைதட்டிக் குதித்தாள், உம்மா பாருங்க உம்மா, உசுரு இருக்குற மாதிரியே ஆடுது, என்றாள், ஆமாம் மவளே என்று பல்கீஸும் சிரித்தாள், சிரிக்கும்போதே அந்தச் சிவப்பிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டாள், ஏனென்றால் அது பதின்மூன்றாம் நோன்பு, எட்டாம் நோன்பின் காலையில்தான் கக்கூஸின் வெள்ளைப் பீங்கானில் அதே சிவப்பை அவள் முதல்முதலாகப் பார்த்தாள், மலத்தோடு கலந்து, தண்ணீர் ஊற்றியதும் இளஞ்சிவப்பாக விரிந்து ஓடியது, மாதவிலக்கு இல்லை, அது முடிந்து நான்கு நாளாகிறது, வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வலி இல்லாததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது, ஹாஜரா லாத்தாவுக்கும் முதலில் வலி இருந்ததில்லை.

லாத்தா என்றால் அவளுடைய மூத்த சகோதரி, மூன்று வயது பெரியவள், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள், ஆறு வருடத்துக்கு முன்னால் இதே கீழக்கரையில் இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டில் குழம்பு கிளறிக்கொண்டே சொன்னாள், ரெண்டு நாளா செவப்பா போகுதுடி, நேத்து பீட்ரூட் தின்னேன்ல, அதான், என்று, பல்கீஸும் அதான் லாத்தா என்றாள், இரண்டு பேரும் அதோடு பேச்சை விட்டுவிட்டு எந்தக் கடையில் புடவைக்கு நல்ல மல்துணி வந்திருக்கிறது என்று பேசினார்கள், அதன் பிறகு எத்தனை மாதம் போனதோ, யார் கேட்டாலும் லாத்தாவிடம் ஒரே பதில்தான், பீட்ரூட்டு, பீட்ரூட்டு, பீட்ரூட்டே வாங்காத வாரத்திலும் பீட்ரூட்டு, கடைசியில் மதுரையில் கொண்டுபோய்க் காட்டியபோது குடலில் வந்தது ஈரலுக்கும் போய்விட்டது என்றார்கள், அடுத்த நோன்பைப் பார்க்க லாத்தா இல்லை, நாற்பத்திரண்டு வயது. அன்றிலிருந்து அந்தக் காயின் பெயர் அந்தக் குடும்பத்துப் பெண்கள் வாயில் காயின் பெயராக இல்லை, பொய்யின் பெயராகத்தான் இருந்தது. அதனால்தான் எட்டாம் நோன்பின் காலையில் பல்கீஸின் மனதிலும் அந்தச் சொல் தானாக எட்டிப்பார்த்தபோது அவள் அதைக் கதவைச் சாத்தி விரட்டினாள், நுஹாவும்தான் அந்தக் காயின் சாறு ஊற்றிய அதே கடல்பாசியைத் தின்கிறாள், அவளுக்கு ஒன்றும் காணோம், அக்கம்பக்கத்துக்கும்தான் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்துவிடுகிறாய், யாராவது ஏதாவது சொன்னார்களா, உன் லாத்தா மாதிரி நீயும் உன்னையே ஏமாற்றிக்கொள்ளப் பார்க்கிறாயா என்று தன்னையே திட்டினாள். அவளுக்கு அப்போது வயது நாற்பத்தி நான்கு.

யாரிடம் சொல்வது, அவள் கணவர் அசனா, மச்சான் என்றுதான் கூப்பிடுவாள், புரூணையில் ஒரு ஹோட்டல் கிடங்கில் இருக்கிறார், பகலில் ஒரு தடவை போன் பண்ணுவார், என்னா செய்றிய, நல்லா இருக்கியளா, புள்ள நோம்பு வைக்கிறாளா என்பார், நல்லா இருக்கோம் மச்சான் என்பாள், சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார், வந்து என்ன செய்வார், லாத்தாவுடைய கணவர் ஓடி வரவில்லையா, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பழம் உரித்துக் கொடுத்ததைத் தவிர அந்த மனிதரால் என்ன முடிந்தது. பெருநாள் கழியட்டும், புள்ளை நோன்பும் பெருநாளும் சந்தோஷமாகக் கழிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள், இது தைரியம் இல்லை, பயம்தான், பயத்துக்கு நல்ல உடுப்பு உடுத்தி விட்டிருந்தாள். ஆனால் ஒன்று மட்டும் அன்றே முடிவு செய்தாள், இந்த நோன்பில் மிச்சமிருக்கிற ஒவ்வொரு நாளும் நுஹாவுக்கு ஒரு புதுக் கடல்பாசி, ஒரு நாள் செய்தது மறுநாள் கிடையாது, அவள் பெரியவளானதும் யாராவது உன் உம்மா எப்படி இருப்பாங்க என்று கேட்டால் முகம் மறந்துபோயிருந்தாலும் இதையாவது சொல்லட்டும்.

அப்படித்தான் அந்த நாட்கள் ஆரம்பித்தன, இப்போது நினைத்தால் எது எந்த நாள் என்று அவளுக்கே குழம்புகிறது, ஆரஞ்சுப் பழத்தை இரண்டாக வெட்டி உள்ளே இருப்பதைத் தோண்டியெடுத்துவிட்டு அந்தத் தோலுக்குள் ஊற்றி இறுகியதும் தோலோடு கீற்றாக வெட்டிப் படகு விட்டது ஒன்பதாம் நோன்பா பத்தாம் நோன்பா, நுஹா ஒவ்வொரு படகுக்கும் பல்குச்சியும் காகிதமும் வைத்துப் பாய் கட்டினாள், ஒரு படகுக்கு வாப்பா கப்பல் என்று பேர் எழுதினாள், பல்கீஸ் அடுப்பங்கரைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். இன்னொரு நாள் முட்டை, உச்சியில் ஊசியால் சின்ன ஓட்டை போட்டு உள்ளிருப்பதை ஊதி எடுத்து, ஓட்டின் உள்ளே வெந்நீரால் அலசி, ஆழாக்கு அரிசியில் நிற்க வைத்துப் பாலும் ஏலக்காயும் சேர்த்த கடல்பாசியைச் சொட்டுச் சொட்டாக விட்டது, இறுகியபின் ஓட்டை உரித்தால் வழவழவென்று முட்டை, நுஹா அதை அவித்த முட்டை என்று சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்து ஏமாற்றினாள், அந்தப் பெண் உப்புத் தொட்டுக் கடித்துவிட்டுத் துப்பினாளாம், அன்றைக்கு நோன்பு திறந்ததிலிருந்து படுக்கும்வரை இரண்டு பேரும் சிரித்தார்கள், சிரிப்பின் நடுவில் பல்கீஸ் நினைத்தாள், இது நல்ல நாள், இதை இவள் மறக்க மாட்டாள். சங்குப்பூவைக் கொதிநீரில் போட்டு நீலம் எடுத்துக் கடல் செய்தாள், பால் கடல்பாசியில் மீன் வெட்டி அந்தக் கடலுக்குள் விட்டாள், நுஹா எலுமிச்சை பிழிந்ததும் கடலின் ஒரு மூலை ஊதாவாக மாறியது, உம்மா நீங்க மந்திரக்காரியா என்றாள் பிள்ளை. மச்சான் போன வருடம் அனுப்பிய ஜெல்லிப் பொட்டலங்கள் அலமாரியில் அப்படியே கிடந்தன, ஜெலட்டின் என்று போட்டிருந்ததே தவிர எந்த மிருகத்தின் எலும்பு என்று போடவில்லை, அதனால் அவள் தொடவில்லை, பரவாயில்லை, கைநிறையக் கடல்பாசியை ஊறவைத்துக் கரையும்வரை காய்ச்சினால் போதும், அது எதுவாக ஆகச் சொன்னாலும் ஆகும். அடுக்கு ஊற்றுவதில்தான் அவள் கெட்டிக்காரி, கீழ் அடுக்கு விரலில் லேசாக ஒட்டும்போதே அடுத்ததை ஊற்றிவிட வேண்டும், முழுக்க இறுகவிட்டால் இரண்டும் சேராமல் வெட்டும்போது வழுக்கிக்கொண்டு தனித்தனியாகப் போகும், இறுகாமல் ஊற்றினால் நிறம் கலங்கிப் போகும், அந்த ஒரு நிமிடத்தை அவள் விரல் அறியும்.

எல்லாவற்றிலும் ஒரு சிவப்பு வேண்டும் என்பது நுஹாவின் சட்டம், படகு என்றால் ஒரு படகு சிவப்பு, மீன் என்றால் ஒரு மீன் சிவப்பு, கடையில் விற்கிற கலர்ப் பொடி போட்டால் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துவிடுகிறது, அதனால் பீட்ரூட்டைத் துருவி அரைத்து வெள்ளைத் துணியில் பிழிந்து அந்தச் சாற்றில்தான் சிவப்பு, அந்தக் காயை அவள் பேர் சொல்லி வாங்குவதில்லை, காய்க்காரரிடம் கையைக் காட்டி அது அரைக்கிலோ என்பாள், லாத்தா போனபின் ஐந்து வருடம் வீட்டுக்குள் வராத காயை இந்த வருடம் பிள்ளைக்காக உள்ளே விட்டிருந்தாள். பயம் கூடக் கூட அவள் செய்வதும் கூடியது, ஒரு தட்டு இரண்டு தட்டானது, அரைக்கிலோ முக்கால் கிலோவானது, மறுநாள் காலையில் பீங்கானில் சிவப்பும் கூடியது, ஐயோ, நோய் முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள், அன்றைக்கு இன்னும் ஒரு தட்டு அதிகமாகச் செய்தாள்.

சபூரா கண்டுபிடித்தது பதினைந்தாம் நோன்பின் அசர் தொழுகை நேரத்தில். அவள் ஹாஜரா லாத்தாவின் மகள், இருபத்தி நான்கு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், தினமும் சாயங்காலம் நோன்பு திறக்கப் பொரிக்கும் வாடாவுக்கு மாவு பிசைய வந்துவிடுவாள், அன்றைக்குப் பல்கீஸ் கக்கூஸை விட்டு வெளியே வந்தபோது அவள் மாவுக் கையோடு வாசலை மறித்து நின்றாள், சாச்சி, எத்தன நாளா, என்றாள், எதுடி, என்றாள் பல்கீஸ், எங்கும்மாவும் இப்புடித்தான் சாச்சி, வாளி வாளியா தண்ணி ஊத்துவாஹ, நான் வெளிய நின்னு எண்ணிக்கிட்டே இருப்பேன், அப்ப எனக்கு பதினெட்டு வயசு, கேக்கத் தைரியம் இல்ல, இப்ப கேக்குறேன், எத்தன நாளா. பல்கீஸ் ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தாள், அப்புறம் தரையில் உட்கார்ந்து, எட்டு நாளா, என்றாள், பெருநாள் கழியட்டும்னு பாத்தேன். பெருநாளா, என்று சபூரா கத்தினாள், பெருநாள் வருசத்துக்கு ரெண்டு வரும், நீங்க எத்தன தடவ வருவீங்க, என்று கேட்டாள், கேட்டுவிட்டு மாவுக் கையாலேயே சித்தியைக் கட்டிக்கொண்டு அழுதாள், நுஹா உள்ளே டி.வி. சத்தத்தில் எதையும் கேட்கவில்லை, அதற்கு மட்டும் பல்கீஸ் அல்லாவுக்கு நன்றி சொன்னாள்.

மறுநாள் இராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மா, மூக்கின் நுனியில் கண்ணாடி, எழுதிக்கொண்டே கேட்கிறவர், வலி உண்டா, எடை குறைந்ததா, வீட்டில் வேறு யாருக்காவது, கடைசிக் கேள்விக்கு லாத்தாவின் கதையைச் சொன்னபோது மட்டும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நேத்து என்ன சாப்பிட்டீங்க, என்றார். நோம்புக் கஞ்சி, வாடா, சுண்டல், கடப்பாசி, ராத்திரிக்கு இடியாப்பம், விடியறதுக்கு முந்தி சஹருக்கு சோறும் மீனாணமும், மீன் கொழம்புதான், என்று பல்கீஸ் ஒப்பித்தாள். இது வீட்ல செஞ்சது, நீங்க என்ன சாப்பிட்டீங்க, என்றார் அவர். பல்கீஸுக்குக் கேள்வி விளங்கவில்லை, அதான் டாக்டர், கஞ்சி ஒரு கோப்பை, வாடா புள்ளைக்கும் பக்கத்து வீட்டுக்கும் சரியாப் போச்சு, கடப்பாசி வெட்டுறப்ப உதிர்ந்த ஓரம், இடியாப்பம் தீந்து போச்சு, பசியும் இல்ல, என்றாள். பசி ஏன் இல்ல, என்றார் டாக்டரம்மா. அப்போது சபூரா நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள், சாச்சி, செவப்புக்குப் பிழிஞ்சீங்கள்ல, அந்தச் சக்கைய என்னா செஞ்சீங்க. என்னா செய்வாஹ, என்றாள் பல்கீஸ், கொட்டவா முடியும், அல்லா தந்த பொருள, கொஞ்சம் தேங்காயும் சீனியும் போட்டு நோம்பு தொறந்தப்புறம் நான் தின்னுட்டு ஒரு தண்ணி குடிச்சிருவேன், அதெல்லாம் ஒரு சாப்பாடா. எவ்வளவு இருக்கும், என்றார் டாக்டரம்மா. முக்காக் கிலோ காய்ச் சக்கை, என்றாள் பல்கீஸ், சொல்லிவிட்டு அந்த எடையைத் தானே அப்போதுதான் கேட்டவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

தினமுமா, என்றார் டாக்டரம்மா, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஊருக்கெல்லாம் சாறு, உங்களுக்குச் சக்கை, அப்ப செவப்பு உங்களுக்கு மட்டும் தானே வரும், அதுலயும் உங்களுக்கு ரத்தம் கம்மி, கண்ணு வெளுத்துக் கிடக்கு, இரும்புச்சத்து குறைஞ்சவங்களுக்கு இந்தக் கலர் சாஸ்தியாவே வெளிய வரும், என்றார். சபூரா சிரிக்கவில்லை, எங்கும்மாவும் பீட்ரூட்டுன்னுதான் சொன்னாஹ டாக்டர், அத நம்பித்தான் விட்டோம், என்றாள். டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார், நம்பி விட வேண்டாம்மா, பாத்துட்டு நம்புவோம், அக்காவுக்கு வந்திருக்குன்னா இவங்களுக்கு எப்படியும் பாக்கணும், மூணு நாள் கழிச்சு வாங்க, குடலுக்குள்ள குழாய் விட்டுப் பாத்துருவோம், அதுவரைக்கும் அந்தக் காய் வேண்டாம், என்றார். அந்த மூன்று நாளும் பீங்கான் வெள்ளையாகவே இருந்தது, அப்படியும் பல்கீஸால் நம்ப முடியவில்லை, நம்பிவிட்டால் லாத்தா மாதிரி ஆகிவிடுவேனோ என்று பயந்து நம்பாமலே இருந்தாள், குழாய் விடுவதற்கு முதல் நாள் தண்ணியாகவே குடித்து வயிற்றைக் கழுவச் சொன்ன தாளில் சிவப்பாக எதுவும் கூடாது என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தாள், நோன்பை விட்டுவிட்டு மருந்துத் தண்ணீரைக் குடித்தபோது லாத்தாவை இப்படி ஒருத்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தால் என்று நினைத்தாள், அந்த ஒருத்தி தானாகத்தானே இருந்திருக்க வேண்டும், அதான் லாத்தா என்று சொன்ன வாய் தன் வாய்தானே.

மயக்கம் தெளிந்தபோது சபூராவின் முகம்தான் முதலில் தெரிந்தது, அது சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை, டாக்டரம்மா வந்து கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார், உள்ள எல்லாம் சுத்தமா இருக்கு, ஒண்ணும் இல்ல, பீட்ரூட்டேதான், இரும்பு மாத்திரை எழுதியிருக்கேன், இனிமே சக்கைய மாட்டுக்குப் போடுங்க, நீங்க சோறு சாப்பிடுங்க. பல்கீஸ் அல்ஹம்துலில்லாஹ் என்றாள், அது ஒரு தடவையில் நிற்கவில்லை, உதடு தானாகச் சொல்லிக்கொண்டே போனது, உடம்பு முழுக்கப் பஞ்சாகிவிட்டது, இத்தனை நாளும் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறோம் என்று தோள் இறங்கியபோதுதான் தெரிந்தது. சந்தோஷத்தின் நடுவில் ஒரு வெட்கம், லாத்தாவைக் கொண்டுபோன அதே சொல் தன்னை விட்டுவிட்டதே என்று, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, சபூராவுக்குக் கேட்காமல் சொன்னாள், லாத்தா, எனக்கு நெசமாவே பீட்ரூட்டு லாத்தா, கோவிச்சுக்காதீங்க. சொன்னதும் லாத்தா குழம்பு கிளறுகிற கரண்டியோடு திரும்பி, உனக்கு எப்பவும் அதிர்ஷ்டம்டி, என்று சிரிக்கிறது போலிருந்தது, அது மயக்க மருந்தின் மிச்சமாகவும் இருக்கலாம், பல்கீஸ் அதை அப்படியே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் இருபதாம் நோன்பு, சஹரோடு படுத்தவள் லுஹருக்கு எழுந்து தொழுதுவிட்டு மறுபடியும் படுத்து, அசர் பாங்குதான் வந்து எழுப்பியது, பத்துப் பன்னிரண்டு நாள் தூக்கத்தையும் ஒரே பகலில் தூங்கித் தீர்த்திருந்தாள், போனில் மச்சான் மூன்று தடவை அழைத்திருந்தார், சபூரா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள், திரும்ப அழைத்தபோது அவர் முதலில் அழுதார், அப்புறம் திட்டினார், அப்புறம் பீட்ரூட்டு என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் போனை வைத்துவிட்டார். நுஹா அடுப்பங்கரை மேடையில் முட்டை ஓடு ஆறும், ஆரஞ்சுத் தோலும், எங்கிருந்தோ கழுவிக் கொண்டுவந்த நுங்குக் கூடும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு நின்றாள், உம்மா இன்னைக்கு என்ன, மூணு நாளா ஒண்ணுமே செய்யல, இன்னைக்குக் கோட்டை செய்யலாம், உள்ள ராணி வைக்கலாம், என்றாள். பல்கீஸ் ஒரு கை கடல்பாசியைக் காய்ச்சிப் பாலும் சீனியும் ஊற்றித் தட்டில் கொட்டிவிட்டுக் காற்றாடியின் கீழே வைத்தாள், அவசரத்தில் கடல்பாசி கூடிவிட்டது போலிருக்கிறது, இறுகிய தட்டைச் சாய்த்துப் பார்த்தால் பலகை மாதிரி இருக்கிறது, ஒரு நிறம் இல்லை, அடுக்கு இல்லை, ஆடவே இல்லை. இவ்வளவுதானா உம்மா, என்றாள் நுஹா, கோட்டை எங்க உம்மா.

நாளைக்குச் செஞ்சுக்கலாம் போ, என்றாள் பல்கீஸ், வாயில் வந்துவிட்ட பிறகுதான் அந்த நாளைக்கு என்ற சொல் அவளுக்கே கேட்டது, வெட்ட எடுத்த கத்தியைக் கீழே வைத்தாள். நாளைக்கு கண்டிப்பாவா, என்றாள் நுஹா. நாளைக்கு முடியாட்டி நாளான்னைக்கு, நோம்பு முடிஞ்சு செஞ்சா வேணாம்னுடுவியா, எங்க ஓடிப் போகப்போகுது, என்று எந்தக் காலத்திலும் எந்த உம்மாவும் சொல்கிற மாதிரியே அலட்சியமாகச் சொன்னாள். நுஹா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கால் தரையில் படாரென்று பட நடந்துபோய்க் கதவைச் சாத்தினாள், பிள்ளை தன் மேல் கோபமாக இருப்பது பல்கீஸுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.